எல்லம்மா சொல்லாத இடம்

கோட்டை நியாயசபையில் நான் பார்த்த மொழிபெயர்ப்பு வேலையை இப்போது பார்க்கும் துபாஷிகள் இரண்டு பேர் போன வாரம் என் வீட்டுக்கு வந்தார்கள். புதிதாக வந்திருக்கும் தலைமை நீதிபதிக்கு ஒரு யோசனையாம். வீட்டுக்குள் கணவன் சொன்னதை மனைவியை அழைத்துக் கேட்டுவிட்டால் பாதி வழக்குகள் சீக்கிரம் முடிந்துவிடும் என்கிறாராம். இதற்கு முன்னால் பழவேற்காட்டில் அப்படிக் கேட்டதுண்டா என்று விசாரிக்க என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள்.

கேட்டதுண்டு. பசியாவரத்து எல்லம்மாவிடம் கேட்டோம். கேட்டது என் வாய்தான். வாயால் அந்தக் கதையைச் சொல்லலாம் என்றால் இருமல் குறுக்கே வருகிறது. இன்று காலை மட்டும் பத்தொன்பது. ஆகையால் எழுதிக் கொடுக்கிறேன். மை நீர்த்திருக்கிறது, இறகு முனை பிளந்திருக்கிறது, கூரையில் மூன்று இடத்தில் ஒழுகுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

நான் காட்டூர்க்காரன். என் நைனா ஒரு நிலக்கிழாரிடம் கணக்கு எழுதினார். களத்தில் நெற்கட்டுகளை எண்ணி அவரிடம் சொல்வது சின்ன வயதில் என் வேலை. எண்ணும் பழக்கம் அப்போது ஒட்டிக்கொண்டது, இன்னும் உதிரவில்லை. தமிழும் தெலுங்கும் பள்ளியில் படித்தேன். போர்ச்சுகீசு பழவேற்காட்டுக் கடைத்தெருவில் தானாக வந்தது. ஒல்லாந்தர் பேச்சை, கோட்டை வைத்தியசாலையில் படுத்திருந்த சிப்பாய்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலையில் கற்றேன். அதனால் அந்த மொழியில் நான் முதலில் அறிந்த வார்த்தைகள் எல்லாம் எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது என்பவைதான். அந்தப் படிப்போடு நியாயசபைக்குப் போனேன்.

அங்கே துபாஷி நிற்கும் இடம் சாட்சிக்கு இடது பக்கம், அரை அடி பின்னால். சாட்சி 'நான்' என்றால் நானும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். 'அவன் சொல்கிறான்', 'அவள் சொல்கிறாள்' என்று போட்டால் தவறு. சேர்ந்த புதிதில், இத்தனை பெரிய மீசையை வைத்துக்கொண்டு, "நான் ஏழு மாதக் கர்ப்பிணி, என்னால் நிற்க முடியவில்லை" என்று ஒல்லாந்தர் பேச்சில் சொன்னேன். வாசல் காவலன் சிரித்த சிரிப்பில் துப்பாக்கியை நழுவவிட்டான். யாரோ எனக்கு நாற்காலி போட்டார்கள்.

சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். சபையின் காரியதரிசி துரை. ஒல்லியான மனிதர். பல்வலிக்காக எப்போதும் ஒரு கிராம்பைக் கடைவாயில் அடக்கியிருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சாட்சி சொல்லாத ஒரு வார்த்தையை நான் சேர்த்துவிட்டால் எழுதுவதை நிறுத்துவார். இறகைக் காகிதத்தின் ஓரத்துக்கு நேராகக் கிடத்துவார். "அது அவருடையதா, உன்னுடையதா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பைவிட இரண்டு அடி வாங்கிவிடலாம்.

வேலையில் சேர்ந்த அன்று, சபையில் கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்று கற்பூரத்தின் மேல் சத்தியம் வாங்கினார்கள். அதை அப்படியே காத்தேன். அதனால் வீட்டில் சண்டை. என் மனைவி பாக்கியம் சோறு போட்டுக்கொண்டே, இன்றைக்கு யார் வழக்கு என்று கேட்பாள். நான் வாழைக்காய்த் துண்டுகளை எண்ணிக்கொண்டு சாப்பிடுவேன். "வாயக் கோட்டையில வெச்சுட்டு வந்துட்றீங்க. இங்க வர்றது வயிறு மட்டும்தான்" என்பாள்.

வழக்குக்கு வருகிறேன். கப்பலுக்குச் சரக்கு ஏற்றும் சலங்குப் படகு ஒன்றை, ஒரு விடியற்காலையில் முகத்துவாரத்தில் யாரோ கயிறு அறுத்து இழுத்துப்போய், அதிலிருந்த துணிக்கட்டுகளை எடுத்துவிட்டார்கள். ஒரு கட்டைச் சுற்றியிருந்த மேல்துணி பசியாவரத்துக் கரையில், தேசப்பன் என்ற மீனவன் தன் படகைக் கட்டும் கழியருகே கிடந்தது. அந்த விடியலில் தனியாகப் படகெடுத்துப் போனவனும் அவன் ஒருவன்தான். கரையேறியதும் பிடித்துக்கொண்டு வந்து கோட்டைக்குள் அடைத்தார்கள். குற்றம் உறுதியானால் விலங்கு போட்டுக் கடலுக்கு அப்பால் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றுவார்கள். அப்படிப் போனவர்களில் திரும்பி வந்தவர் என்று நான் எண்ணியது ஒருவர்கூட இல்லை.

தேசப்பன் சபையின் முன் தெளிவாகவே பேசினான். முகத்துவாரத்துப் பக்கமே போகவில்லை, ஏரியின் வடமேற்கு மூலையில் இன்ன இடத்தில் வலை கட்டப் போனேன் என்றான். சுண்ணாம்புக்குளம் பக்கம் என்பதுவரை எழுதுகிறேன். அதற்கு மேல் எழுத மாட்டேன். அங்கே போயிருந்தால் அதே காலையில் முகத்துவாரத்தில் இருந்திருக்க முடியாது, அவ்வளவு தூரம். ஆனால் அவனை அங்கே பார்த்தவர் இல்லை. யாரிடமாவது முன்கூட்டிச் சொன்னாயா என்று கேட்டதற்கு, "எங்கூட்டு ஆளாண்ட சொன்னேன்" என்றான்.

வழக்கை நடத்தியவர் பிஸ்கால் துரை. அவசரக்காரர், ஆனால் கெட்டவர் அல்ல. மனைவியைத் தனியே அழைத்துக் கேட்போம், அவள் அதே இடத்தைச் சொன்னால் விட்டுவிடலாம் என்றார். காரியதரிசி இறகைக் கிடத்தினார். கணவனும் மனைவியும் தங்களுக்குள் பேசியதைச் சபை கேட்டு வாங்கக் கூடாது, சட்டம் அந்தக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறது என்றார். அந்தக் கதவு கணவனைக் காப்பாற்றத்தானே, இப்போது திறந்தால்தான் அவன் பிழைப்பான் என்றார் பிஸ்கால். நீதிபதிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, ஒரே ஒரு கேள்வி கேட்கலாம் என்று அனுமதித்தார்கள்.

எல்லம்மா உள்ளே வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். சாய வேர்ச் சிவப்பில் பழைய புடவை. மாமியாரை வாசலில் நிறுத்திவிட்டார்கள். கற்பூரம் ஏற்றினோம், அடித்து அணைத்துச் சத்தியம் செய்தாள். பிஸ்கால் கேட்டார். நான் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் தமிழில் கேட்டேன்.

"உன் புருஷன் அன்று எங்கே போவதாக உன்னிடம் சொன்னான்?"

அவள் முகத்தில் இருந்த ரத்தம் அப்படியே இறங்கிவிட்டது. கை தாலிக்குப் போனது. சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்தாள். வாசலில் நின்ற மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கத் தொடங்கினாள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாளா என்று பிஸ்கால் என்னைக் கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் எந்த வார்த்தையில் தவறினேன் என்று மனதுக்குள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். காரியதரிசி என்னை வாசலுக்கு அனுப்பினார்.

மாமியார்க்காரி என்னைப் பார்த்ததும் ஒப்பாரியை நிறுத்திவிட்டுத் திட்டினாள்.

"எங்க ஊர்ல இந்தக் கேள்விய எப்பக் கேப்பாங்கன்னு தெரியுமாய்யா உனக்கு? போன ஆளு வரலன்னாத்தான் கேப்பாங்க. எம் புள்ளய இன்னா பண்ணீங்க?"

அவள் திட்டியதற்கு நடுநடுவே எனக்குப் புரிந்தது இவ்வளவு. ஏரியில் ஊரார் முறைவைத்து வலை இறக்கும் பாடு இடங்கள் எல்லாருக்கும் தெரியும். அதற்கு வெளியே ஒருவன் தானாகக் கண்டுபிடித்த இடத்தை இன்னொரு ஆணிடம் சொல்ல மாட்டான், அப்பனிடமும் தம்பியிடமும்கூட. படகைத் தள்ளுவதற்கு முன் மனைவியிடம் மட்டும் சொல்வான். அவள் அதை யாரிடமும் சொல்லக் கூடாது, ஊரும் கேட்காது. ஆள் திரும்பாமல் போனால்தான் ஆண்கள் அவள் வாசலில் வந்து நின்று, உன் புருஷன் எங்கே போவதாகச் சொன்னான் என்று கேட்பார்கள். கோட்டைக்குள் மூன்று நாளாகக் கணவனைக் கண்ணில் காட்டாமல், நான் அதே கேள்வியை அதே வார்த்தைகளில் அவளிடம் கேட்டிருக்கிறேன்.

உள்ளே வந்து சொன்னேன். அவன் உயிரோடு இருக்கிறான் என்று எல்லம்மாவிடம் சொல்லும்படி காரியதரிசி சொன்னார். சொன்னேன். அவள் நம்பவில்லை. கேள்வி கேட்பவர்கள் முதலில் அப்படித்தான் சொல்வார்கள்போலும். சாட்சி முடியும்வரை இருவரும் பேசக் கூடாது என்பது விதி. கைதியை அழைத்து வந்து காட்டவும் பிஸ்கால் ஒப்பவில்லை. காரியதரிசி கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். பிறகு, பேசத்தானே கூடாது, அடுத்த அறையில் நிறுத்தி அவனை இருமச் சொல்லுங்கள் என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் இருமல் வந்தது. உத்தரவுக்கு இருமிய வறட்டு இருமல். எல்லம்மா தலையைத் தூக்கினாள். இரண்டாவது முறை அவன் இருமியபோது அவள் வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதாள். தாலியைப் பிடித்திருந்த கை அப்போதுதான் விட்டது.

"அவருதான்" என்றாள். நானும், "அவர்தான்" என்று மொழிபெயர்த்தேன். காவலன் இந்த முறை சிரிக்கவில்லை.

இனி பதில் வந்துவிடும் என்று எல்லோரும் நினைத்தோம். பிஸ்கால் மறுபடி கேட்டார். எல்லம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"உயிரோட கீற ஆளு போன எடத்த நான் எப்டி சாமி சொல்றது? என் வாயால வந்துச்சுன்னா, நானே அவர அனுப்பி வெச்சா மாதிரி ஆயிடும்."

சொல்லாவிட்டால் அவனைக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று எச்சரிக்கச் சொன்னார் பிஸ்கால். எச்சரித்தேன். அவள் தலையசைத்து மறுத்தாள். நான் அவளுக்கு இடது பக்கம், அரை அடி பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவள் சொல்ல வேண்டிய இடத்தின் பெயர் எனக்குத் தெரியும். தேசப்பன் சொன்னதை மொழிபெயர்த்தவன் நான்தானே.

பிறகு அவளே மெதுவாகச் சொன்னாள்.

"சொல்ல மாட்டோம். எப்பவுமே சொல்ல மாட்டோம். ஆளு ஊடு வரலன்னா பொம்பள அணியத்துல குந்திக்கினு கைய நீட்டுவா. படகு அந்தாண்ட போவும். தேடப் போறதுல ஒண்ணும் தப்பில்ல."

அணியம் என்றால் படகின் முன்பக்கம். உயிரோடு கிடைத்தால் இடம் அவனுக்கே மிஞ்ச வேண்டும், அதனால் தேடப் போகும்போதும் பெயரைச் சொல்வதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். நான் மொழிபெயர்த்து முடித்ததும் காரியதரிசி இறகைக் கிடத்தினார். எழுந்து நின்று நீதிபதிகளைப் பார்த்து, இந்தப் பெண்ணின் கணவன் மூன்று நாளாக வீட்டுக்கு வரவில்லை, அவள் போய்த் தேடலாமா என்று கேட்டார்.

நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். மறுநாள் காலை பிஸ்கால் கைதியோடு முதல் படகில் கிளம்பினார். தேசப்பன் தான் சொன்ன இடத்துக்கு அவரைக் கூட்டிப்போய் நிற்க வேண்டும். அந்தப் படகு கண்ணுக்கு மறைந்து வெகுநேரம் கழித்து எங்கள் படகு. கோல் ஊன்ற இரண்டு பேர், பிஸ்காலின் எழுத்தர், மாமியார், காரியதரிசி, நான். அணியத்தில் எல்லம்மா. காரியதரிசிக்கும் எனக்கும் இடம் தெரியும் என்பதால், எங்கள் முகம் அவளுக்குக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று எங்களைப் பின்பக்கம் பார்த்து உட்கார வைத்தார்கள். அந்த ஏற்பாடும் காரியதரிசியுடையதுதான். ஆகவே அந்தப் பயணம் முழுவதும் நான் பார்த்தது நாங்கள் விட்டுவந்த கரையை மட்டும்தான்.

எனக்குப் படகு ஒத்துக்கொள்ளாது. வாந்தி வராமலிருக்கப் பார்வையைக் கோட்டைக் கொடிமரத்தில் நிறுத்தினேன். நாங்கள் வடமேற்கே போனால் கொடிமரம் என் கண்ணுக்கு நேரே சுருங்கிக்கொண்டே போக வேண்டும். அது இடது பக்கமாக நகர்ந்தது. இன்னும் நகர்ந்தது. நாங்கள் கிழக்கே, முகத்துவாரம் இருக்கும் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தோம். காரியதரிசியைப் பார்த்தேன். அவர் கிராம்பைக் கடிப்பதை நிறுத்தியிருந்தார். எழுத்தர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் மட்டும் நிம்மதியாக வெற்றிலை மென்றாள். "துபாசி ஐயா, அந்தக் கொடியக் கண்ணாலயே புடுங்கிடுவ போலக்கீதே" என்றாள்.

பிறகு கொடிமரம் மெல்லத் திரும்பத் தொடங்கியது. கோல் ஊன்றியவனிடம் தாழ்ந்த குரலில் கேட்டேன். நேர் வழியில் இந்த மாதம் முழங்கால் தண்ணீர்கூட இருக்காது, சேறு, சுற்றித்தான் போக வேண்டும் என்றான். இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம். என் ஆயுளில் ஒரு பகுதி அந்த ஏரியில் கரைந்தது.

வெயில் ஏறியது. பூநாரைக் கூட்டம் ஒன்று எங்களைக் கடந்தது. நாற்பதுவரை எண்ணினேன், பிறகு கலைந்துவிட்டது. கோரை முளைத்த ஒரு மேட்டைச் சுற்றினோம். முதுகுக்குப் பின்னால் எல்லம்மாவின் வளையல் சத்தம் கேட்டது, கையைத் தாழ்த்திவிட்டாள். படகு நின்றது. இனித் திரும்பலாம் என்றார் காரியதரிசி.

திரும்பினோம். மேட்டின் மறைவில் பிஸ்காலின் படகு நின்றது. அதில் விலங்கோடு தேசப்பன். அவனுக்குப் பக்கத்தில் தண்ணீரில் இரண்டு கழிகள். ஒவ்வொன்றின் தலையிலும் எல்லம்மாவின் புடவையிலிருந்து கிழித்த சிவப்புத் துணி. கழிகளுக்கு நடுவே அவன் கட்டிவிட்டு வந்த வலை, எடுக்க ஆளில்லாமல் அப்படியே கிடந்தது. அதிலிருந்த மடவை மீன்கள் ஊதிப்போய் நாறின.

பிஸ்கால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். கேட்கத்தான் வேண்டும், அது அவர் வேலை. நீ மனைவியிடம் ஓர் இடத்தைச் சொல்லிவிட்டு, இன்னொருவனை வலை கட்ட அனுப்பிவிட்டு, வேறிடம் போயிருக்கலாமே என்றார்.

தேசப்பன் வலையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தான். கேள்வி அவனுக்குப் புரியவில்லை என்று நினைத்தேன்.

"பொஞ்சாதியாண்ட எடத்த மாத்திச் சொல்லிட்டுப் போனா, எம் பொணத்த எங்க போய்த் தேடுவாங்க துரை?"

'என் பிணத்தை' என்றே நான் மொழிபெயர்த்தேன். பிஸ்கால் மூக்கிலிருந்து கையை எடுத்தார். காவலனிடம் சாவியைக் கேட்டு வாங்கி, விலங்கைத் தானே திறந்தார்.

தேசப்பன் எங்கள் படகுக்குத் தாவினான். அணியத்தில் உட்கார்ந்திருந்த எல்லம்மா எழவில்லை. அவன் அவளுக்கு எதிரில் குந்தினான். விலங்கு அழுத்திய அவன் மணிக்கட்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு அவள் ஏதோ சொன்னாள். நீளமான பேச்சில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். மாமியார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அரை அடி தள்ளித்தான் இருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

பிஸ்காலின் எழுத்தர் இறகை மையில் தோய்த்துக்கொண்டு, அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று என்னைக் கேட்டார். பழக்கதோஷம், என் வாய் திறந்துவிட்டது. காரியதரிசி என் முழங்கால் மேல் கை வைத்தார்.

"அது அவர்களுடையது" என்றார்.

என் வேலைக்காலம் முழுவதிலும் நான் கேட்டு, மொழிபெயர்க்காமல் விட்ட பேச்சு அது ஒன்றுதான்.

துணியைத் திருடியவர்கள் அகப்பட்டார்களா என்று இந்தத் துபாஷிகள் இருவரும் கேட்பார்கள். இல்லை. சபைப் புத்தகத்தில் காரியதரிசி தன் கையால் எழுதியது, மனைவியிடம் எதுவும் விசாரிக்கப்படவில்லை என்பது. நான் மொழிபெயர்த்த அந்தக் கேள்வியையும் அவர் எழுதவில்லை. கேட்டிருக்கக் கூடாத கேள்வி என்றார்.

அன்று மாலை கோட்டையை விட்டுக் கிளம்பும்போது அவரிடம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டேன். படகில் என் காதில் விழுந்தது சபையில் கேட்டதாக ஆகுமா, என் சத்தியம் அதையும் கட்டுமா என்று. அவர் கதவைப் பூட்டினார், இழுத்துப் பார்த்தார்.

"வெளியாளிடம் சொல்ல மாட்டேன் என்றுதான் நீ சத்தியம் செய்திருக்கிறாய். மனைவி வெளியாளா என்று என் புத்தகங்களில் தேடியிருக்கிறேன். அப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை" என்றார். பிறகு மெதுவாக, தன் மனைவி கோட்டைக்கு வெளியே கல்லறைத் தோட்டத்தில் இருப்பதாகவும், ஞாயிறுதோறும் போய்ப் பேசிவிட்டு வருவதாகவும் சொன்னார். அத்தனை வருடத்தில் அவர் தன்னைப் பற்றி என்னிடம் சொன்னது அவ்வளவே.

வீட்டில் பாக்கியம் வழக்கம்போல, யார் வழக்கு என்று கேட்டாள். சொன்னேன். எல்லம்மா மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னதையும் சொன்னேன். கரண்டி அவள் கையிலேயே இருந்தது, குழம்பு ஆறிவிட்டது. மறுநாள் காலை, வாசலில் நின்று, கோட்டைக்குப் போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். "வேற எங்க போவீங்க?" என்று சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு ஒரு நாள் சொல்ல மறந்து படியிறங்கினாலும் பின்னால் இருந்து கூப்பிட்டுக் கேட்பாள்.

இதுவரை எழுதியதை அந்த இருவரிடம் கொடுத்தேன். இனி வருவது அவர்கள் போன பிறகு எழுதுவது. புதிய நீதிபதிக்கு ஒல்லாந்தர் பேச்சில் படித்துக் காட்டுங்கள், எதையும் கூட்டாதீர்கள் என்றேன். படித்துவிட்டு, எல்லாம் இருக்கிறது, அந்தப் பெண் படகில் சொன்னது மட்டும் இல்லையே என்றார்கள். அது இருக்காது, என் மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை என்றேன். எனக்கு இருமல் வந்தது. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

பொல்லாத பசங்கள். நேராகப் பின்கட்டுக்குப் போயிருக்கிறார்கள். அங்கே பாக்கியம் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். "நீங்களாவது சொல்லுங்கம்மா. எல்லம்மா அன்னிக்கு இன்னா சொன்னாங்களாம்?" என்று குழைகிறார்கள். எனக்கு எல்லாம் கேட்டது.

உரித்த இறாலைச் சட்டியில் போடும் சத்தம்தான் வந்தது. பிறகு பாக்கியம் சொன்னாள்.

"இன்னாப்பா இது? அவரு உள்ள இருமிக்கினுதான கீறாரு. அதுக்குள்ள எங்கிட்ட வந்து கேக்கறீங்களே."

படுத்தபடியே, அவள் காதில் விழட்டும் என்று, நான் இன்னும் ஒரு முறை இருமினேன்.